வேலூரில் மாணிக்கம் வாங்கப் போகிறவர்கள் படித்துவிட்டுப் போங்கள்

"சூடு காட்டாத அசல் பர்மா மாணிக்கம்" என்று சொல்லி 5 கேரட் கல்லை 45,000 ரூபாய்க்கு யாராவது நீட்டினால், எழுந்து வந்துவிடுங்கள். அந்த எடையில், நல்ல நிறத்தில், நிறத்தைக் கூட்டச் சூடு காட்டுவது போன்ற எந்த வேலையும் செய்யாத மாணிக்கம் லட்சங்களில்தான் விலை போகும். வேலூரில் ஒரு ராசிக்கல் கடையில் என் சித்தப்பாவுக்கு இப்படிச் சொல்லித்தான் விற்றார்கள். புகார் நடந்துகொண்டிருப்பதால் கடையின் பெயரை எழுதவில்லை. விற்ற விதத்தை எழுதுகிறேன். அதே விதத்தில் இன்னொருவர் பணம் போகக் கூடாது.

சித்தப்பா குடியாத்தத்தில் கைத்தறி லுங்கி வியாபாரம் செய்தவர். ஜாதகத்தில் சூரியன் வலுவிழந்திருக்கிறது, மோதிர விரலில் மாணிக்கம் போடுங்கள் என்று ஜோசியர் சொன்னார். கடையையும் அவரே காட்டினார். அந்த நம்பிக்கையைப் பற்றி நான் பேச வரவில்லை. நம்பி வருகிறவர் கையில் பொய்யை வைத்து அனுப்புகிறார்களே, அதுதான் வயிற்றெரிச்சல். நாங்கள் போன அன்று எங்களுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தது சி.எம்.சி.க்குச் சிகிச்சைக்காக வந்த ஒரு வங்காளக் குடும்பம். நோயாளியை லாட்ஜில் படுக்க வைத்துவிட்டு வந்து, அவர்களும் ஒரு கல்லுக்குப் பணம் எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

கடைக்காரர் கல்லைப் புற ஊதா டார்ச்சின் கீழே பிடித்தார். செக்கச்செவேலென்று ஒளிர்ந்தது. "பார்த்தீர்களா ஐயா, அசல் கல் மட்டும்தான் இப்படி எரியும்" என்றார். முழுப் பொய். மாணிக்கத்துக்குச் சிவப்பைத் தருவது அதில் துளியளவு கலந்திருக்கும் குரோமியம், ஒளிர்வதும் அதனால்தான். 1902-இல் பிரெஞ்சு வேதியியலாளர் வெர்னுய் அறிவித்த முறையில் உலையில் செய்கிற செயற்கைக் கல்லிலும் அதே குரோமியம் இருக்கிறது. பல நேரங்களில் அதுதான் இன்னும் பளிச்சென்று ஒளிரும். பாலில் போட்டால் பால் சிவக்கும் என்பதும் இதே ரகம். அது எந்தக் கல்லுக்கும் சோதனை ஆகாது.

கல்லோடு ஹோலோகிராம் ஒட்டிய பிளாஸ்டிக் அட்டை ஒன்று தந்தார்கள். இயற்கை மாணிக்கம், எடை 5.10 கேரட், கடினம் 9 என்று அச்சிட்டிருந்தது. கல்லுக்குச் சூடு காட்டினார்களா, உள்ளே எதையாவது நிரப்பினார்களா என்று சொல்லும் வரி மட்டும் அதில் இல்லை. பின்பக்கம் பொடி எழுத்தில், அதெல்லாம் சோதிக்கப்படவில்லை என்று போட்டிருந்ததைப் பிற்பாடுதான் பூதக்கண்ணாடி வைத்துப் படிக்க முடிந்தது. பில்லுக்குப் பதிலாக எஸ்டிமேட் சீட்டைத்தான் முதலில் நீட்டினார்கள். நான் விடாப்பிடியாக நின்று, முறையான பில்லில் "இயற்கை மாணிக்கம், சூடு காட்டாதது" என்று எழுதி வாங்கினேன். இன்று எங்கள் கையில் இருக்கும் பலமான ஆதாரம் அந்த ஒரு வரிதான்.

மோதிரம் இறுக்கமாக இருந்ததால் எங்கள் பத்தரிடம் கொடுத்தோம். கல்லைச் சுற்றி ஈரத்துணி கட்டி, வளையத்தை அறுத்து, துண்டு சேர்த்து, பற்றுப்பொடி வைத்து நெருப்பை ஊதி ஒட்டினார். கறுப்புப் போவதற்காக நீர்த்த கந்தக அமிலத்தில் போட்டு எடுத்தார். எடுத்தபோது கல்லின் முகம் முழுக்கச் சிலந்தி வலைபோல் வெள்ளைக் கோடுகள். நகத்தை வைத்து இழுத்தால் ஒவ்வொரு கோட்டிலும் பள்ளம் தட்டியது. பத்தர் அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "தம்பி, மாணிக்கத்தை இந்த அமிலம் தின்னாது. உள்ளே வேறு ஏதோ இருந்திருக்கிறது" என்றார். பத்து மடங்கு பெரிதாக்கும் லூப்பில் பார்த்தோம். உருண்டை உருண்டையாகக் காற்றுக் குமிழிகள். கல்லைச் சற்றே சாய்த்தால் வெடிப்புகளின் ஓரமாக நீலமாக ஒரு மினுக்கு ஓடி மறைந்தது. சிவப்புக் கல்லுக்குள் நீல மினுக்கு ஓடினால் அது கண்ணாடி நிரப்பிய கல் என்பதற்கான அடையாளம்.

கடையில் கொண்டுபோய் வைத்தோம். "பத்தர் சூடு காட்டிக் கெடுத்துவிட்டார், நாங்கள் பொறுப்பில்லை" என்று கையை விரித்தார்கள். அவர்கள் வாடிக்கையாக அனுப்பும் இடத்தை நம்பாமல் சென்னையில் ஒரு பரிசோதனைக்கூடத்தில் கொடுத்தோம். ஈயக் கண்ணாடி பெருமளவில் நிரப்பப்பட்டது என்று எழுதிக் கொடுத்தார்கள்.

இது எப்படி நடக்கிறது என்றால், வெடிப்புகள் நிறைந்து, நகைக்கு உதவாத மங்கிய கொரண்டம் (மாணிக்கத்தின் மூலக் கனிமம்) கற்களை எடுத்துக்கொள்கிறார்கள். அமிலத்தில் கழுவி, ஈயம் கலந்த கண்ணாடிப் பொடியோடு சுமார் 900 டிகிரி வெப்பத்தில் வைத்தால், கண்ணாடி உருகி வெடிப்புகளுக்குள் பாய்கிறது. ஈயக் கண்ணாடி ஒளியை ஏறக்குறைய மாணிக்கம் போலவே வளைப்பதால் வெடிப்பு கண்ணிலிருந்து மறைந்துவிடும். 2004 வாக்கில் சந்தைக்கு வந்த வித்தை இது. எலுமிச்சைச் சாறு பட்டாலே அந்தக் கண்ணாடி அரிக்கும். கல்லில் பாதி மாணிக்கம்தானே என்று வாதாடுகிறவர்களுக்கு என் பதில்: அப்படியானால் அதைச் சொல்லி, அதன் விலைக்கு விற்கட்டும். கெம்பு நகைகளில் பெரும்பாலும் செயற்கைக் கல்தான் வைக்கிறார்கள். தெரிந்தே வாங்குகிறோம், யாருக்கும் வருத்தமில்லை.

சூடு காட்டிய கல் வேறு விஷயம். சந்தையில் உள்ள மாணிக்கங்களில் மிகப் பெரும்பாலானவை சூடு காட்டியவைதான். மியான்மரில் மோங் சூ பகுதியிலிருந்து 1990-களில் வந்த கற்களின் நடுவே நீலக் கறை இருக்கும். சூடு காட்டித்தான் அதைப் போக்கினார்கள். அந்த மாற்றம் நிலைத்து நிற்கும். சொல்லி விற்றால் அதில் மோசடி ஒன்றுமில்லை.

நெருப்பே படாத நல்ல மாணிக்கத்தைச் சென்னைப் பரிசோதனைக்கூடத்தில் நுண்ணோக்கி வழியாகக் காட்டினார்கள். உள்ளே மிக மெல்லிய ஊசிகள், ஒன்றையொன்று 60 டிகிரியில் வெட்டிக்கொண்டு, பட்டு நூல் பரப்பியது போல் கிடந்தன; தொழிலில் அதற்குப் பட்டு என்றே பெயர். கடும் சூட்டில் அவை கரைந்து புள்ளி புள்ளியாகிவிடும். ஊசிகள் முழுதாக இருந்தால் கல் அந்தச் சூட்டைக் காணவில்லை என்று நிபுணர் முடிவு செய்கிறார். அந்தப் பட்டு ஒளியைச் சிதறடிப்பதால்தான் வெயிலில் கல் முழுவதும் ஒரே சீராக, மெத்தென்று சிவக்கிறது. அதைப் பார்த்த பிறகு கடைகளில் அடுக்கியிருக்கும் துளிக் குறையில்லாத பெரிய சிவப்புக் கற்களைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம்தான் வருகிறது. மண்ணில் விளைந்த மாணிக்கத்தில் ஏதாவது ஓர் அடையாளம் இருக்கும். ஊர்ப் பெயரில் மயங்கவும் வேண்டாம். மியான்மரின் மோகோக் பகுதிக் கல்லுக்குத் தனி மதிப்பு உண்டு என்றாலும், 2009-இல் மொசாம்பிக்கின் மோன்டேபுவெஸில் கண்டெடுத்த சுரங்கங்களிலிருந்தும் அருமையான கற்கள் வருகின்றன.

ஆகவே வாங்குவதென்றால் கல்லை உதிரியாக வாங்குங்கள். மோதிரத்தில் பதித்த கல்லில் பாதி மறைந்துவிடும். தங்கத்தில் உள்ள ஹால்மார்க் முத்திரை தங்கத்தின் தரத்துக்கு மட்டும்தான், கல்லுக்கு அல்ல. பெயர்பெற்ற பரிசோதனைக்கூடத்தின் அறிக்கையில் "வெப்பமூட்டியதற்கான அறிகுறி இல்லை" என்ற வரி இருக்க வேண்டும். அறிக்கை எண்ணை அந்தக் கூடத்தின் இணையதளத்தில் நீங்களே போட்டுப் பாருங்கள். எடையும் அளவும் உங்கள் கையில் உள்ள கல்லோடு ஒத்துப்போகிறதா என்றும் பாருங்கள். நீங்கள் தேர்ந்தெடுக்கும் கூடத்தில் சோதித்து, அறிக்கை மாறினால் முழுப் பணமும் திரும்பத் தருவதாகப் பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். தயங்குகிற கடையில் வாங்க வேண்டாம்.

ஏற்கெனவே இப்படிப்பட்ட கல்லை வாங்கியிருப்பவர்கள் அதைப் பத்தரிடம் சூட்டு வேலைக்குக் கொடுக்காதீர்கள், எலுமிச்சையோ புளியோ போட்டுத் தேய்க்காதீர்கள். கெட்டுப்போன கல்லைக் காட்டினால் கடை பழியை உங்கள் மேல் போடும். முதலில் சோதித்து அறிக்கை வாங்குங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்க வேண்டும். 5 லட்சம் ரூபாய் வரை வாங்கிய பொருளுக்குக் கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. சித்தப்பாவின் புகாரில் பில், அட்டை, சென்னை அறிக்கை மூன்றையும் இணைத்திருக்கிறோம். அதே கடையில் ஏமாந்தவர்கள் பில்லைப் பத்திரமாக வைத்திருந்து தனித்தனியாகப் புகார் கொடுங்கள்.