ஊரில் கண் முகாம் நடத்த நினைக்கிறீர்களா? அரவிந்த் முகாம் சேவை பற்றி

உசிலம்பட்டிப் பக்கம் எங்கள் ஊர்ப் பையன்கள் சேர்ந்து நடத்தும் சின்ன மன்றம் ஒன்று இருக்கிறது. பொங்கல் விளையாட்டுப் போட்டி, பத்தாம் வகுப்பில் நல்ல மார்க் எடுத்த பிள்ளைகளுக்குப் பரிசு, இவ்வளவுதான் முதலில் செய்துகொண்டிருந்தோம். அப்புறம்தான் அரவிந்த் கண் மருத்துவமனையோடு சேர்ந்து இலவச கண் சிகிச்சை முகாம் நடத்த ஆரம்பித்தோம். பக்கத்து ஊர் மன்றத்துக்காரர்கள் விசாரித்துக்கொண்டே இருப்பதால் எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், தன்னார்வக் குழுக்களோடு சேர்ந்து வேலை செய்ய இவ்வளவு தெளிவாகத் தெரிந்த இன்னொரு நிறுவனத்தை நான் பார்க்கவில்லை.

1976இல் மதுரையில் டாக்டர் வெங்கடசாமி, அரசுப் பணியில் ஓய்வு பெற்ற பிறகு, 11 படுக்கைகளோடு ஆரம்பித்த மருத்துவமனை அது. இன்று திருநெல்வேலி, தேனி, கோவை, புதுச்சேரி, சேலம், சென்னை என்று பல ஊர்களில் இருக்கிறது. நம் ஊருக்கு எந்த மருத்துவமனை பக்கமோ அங்கே இருக்கும் முகாம் பிரிவில் போய்ப் பேசினால் போதும், யார் எதைச் செய்ய வேண்டும் என்று அவர்களே பிரித்துச் சொல்லிவிடுவார்கள். டாக்டர்கள், சிஸ்டர்கள், கருவிகள், மருந்து எல்லாம் அவர்கள் பொறுப்பு. இடம், மேசை நாற்காலி, குடிதண்ணீர், விளம்பரம், கூட்டத்தைப் பார்த்துக்கொள்ள ஆட்கள், இதெல்லாம் நம் பொறுப்பு. வைத்தியத்தில் நாம் தலையிட வேண்டியதே இல்லை, ஊர் விஷயத்தில் அவர்கள் தலையிடுவதில்லை. முகாம் குழப்பமில்லாமல் நடக்க இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

இடத்துக்குப் பள்ளிக்கூடம்தான் சரி. கண் பார்வை சோதிக்கிற அட்டையை 6 மீட்டர் தள்ளி வைக்க வேண்டும், அதற்கு நீளமான வராந்தா வேண்டும். கண்ணாடி பவர் பார்க்க வெளிச்சம் குறைக்கக்கூடிய அறை வேண்டும். பிளக் பாயிண்ட் வேலை செய்கிறதா என்று முந்தின நாளே பார்த்துவிடுங்கள், கழிப்பறைச் சாவி யாரிடம் இருக்கிறது என்பதையும் சேர்த்து. வருகிறவர்களில் பாதிப் பேர் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை சாப்பிடும் வயசானவர்கள், அவர்களைப் பூட்டிய கதவு முன்னால் நிற்க வைப்பது பாவம்.

பெயர் பதிவு, பார்வைச் சோதனை, டாக்டர் பார்ப்பது, கண் பிரஷர், கண்ணாடி பவர், கடைசியில் பெரிய டாக்டர் என்று வரிசை நகர்ந்துகொண்டே இருக்கும். ஒரு இடத்திலிருந்து அடுத்த இடத்துக்குப் பெரியவர்களைக் கையைப் பிடித்துக் கூட்டிப் போக நம் பிள்ளைகள் வேண்டும். "அப்பத்தா, இங்க உட்காருங்க, அடுத்து உங்களைத்தான் கூப்பிடுவாங்க" என்று சொல்ல ஒரு தெரிந்த முகம் இருந்தால் அவர்களுக்குப் பாதி பயம் போய்விடும்.

இந்தச் சேவையில் எனக்கு மிகவும் பிடித்தது அதற்குப் பிறகு நடப்பதுதான். புரை முற்றியிருக்கிறது, ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று தேர்வானவர்களை அன்றைக்கே பஸ்ஸில் மருத்துவமனைக்குக் கூட்டிப் போகிறார்கள். ஆபரேஷன், உள்ளே வைக்கிற லென்ஸ், தங்குவது, சாப்பாடு, திரும்பக் கொண்டுவந்து விடுவது எல்லாமே இலவசம். "மதுரைக்கு வந்து பண்ணிக்கோங்க" என்று சீட்டு மட்டும் கொடுத்திருந்தால் எங்கள் ஊரில் பத்தில் எட்டுப் பேர் போயிருக்க மாட்டார்கள். பஸ் காசு, கூட வருகிறவருக்கு ஒரு நாள் கூலி, அங்கே போய் யாரைக் கேட்பது என்ற தயக்கம், இத்தனையும் குறுக்கே நிற்கும். ஒரே ஊர்க்காரர்கள் ஒரே பஸ்ஸில் ஒன்றாகப் போவதும் பெரிய தைரியம். லென்ஸையும் அவர்களே தயாரிக்கிறார்கள், 1992இல் அதற்காகவே ஆரோலேப் என்று ஆரம்பித்தார்கள். வெளிநாட்டு லென்ஸ் விலைக்கு வாங்கி இத்தனை பேருக்கு இலவசமாக வைக்க முடியுமா என்று யோசித்துப் பாருங்கள். கண்ணாடிக்கு மட்டும் காசு உண்டு, அதை நோட்டீஸிலேயே போட்டுவிடுங்கள், அங்கே வந்த பிறகு யாரும் சங்கடப்படக் கூடாது.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. முகாம் என்ற பெயரில் வந்து எல்லாருக்கும் கண்ணாடி எழுதிவிட்டுப் போன ஒரு குழுவையும் எங்கள் பகுதியில் பார்த்திருக்கிறோம். புரை இருந்த தாத்தாவுக்குக்கூட கண்ணாடிதான் கிடைத்தது. எனக்கு இன்னும் ஆறவில்லை.

குறை என்று பார்த்தால், முகாம் என்ற முறையிலேயே ஒன்று இருக்கிறது. 1990களின் கடைசியில் அரவிந்த் முகாம்கள் நடக்கும் கிராமங்களில் எடுத்த ஓர் ஆய்வில், கண்ணில் பிரச்சினை உள்ளவர்களில் நூற்றுக்கு ஏழு பேர் அளவுக்குத்தான் முகாமுக்கே வந்திருந்தார்கள் என்று தெரிந்தது. ஊர்களிலேயே நிரந்தரமாகச் சின்னக் கண் மையங்களை அவர்கள் திறந்துகொண்டு வருவது இதனால்தான். அந்த மீதிப் பேரைக் கொண்டுவருவது நம் கையில்தான் அதிகம் இருக்கிறது. ஆட்டோவில் மைக் கட்டி ஊரைச் சுற்றினால் மட்டும் வரமாட்டார்கள். தனியாக இருக்கும் கிழவிகள், மருமகளிடம் கேட்கத் தயங்குகிறவர்கள், "இந்த வயசுல எனக்கெதுக்கு ஆபரேஷன்" என்கிறவர்கள், இவர்கள் வீட்டு வாசலில் போய் உட்கார்ந்து பேச வேண்டும். ஏற்கெனவே ஆபரேஷன் செய்துகொண்ட ஒருவரைக் கூடவே கூட்டிப் போங்கள், நாம் ஒரு மணி நேரம் பேசுவதை அவர் இரண்டு வார்த்தையில் முடித்துவிடுவார். தலைவர்கள் படம் போட்ட பெரிய பேனருக்குச் செலவழிப்பதை நான் எதிர்க்கிறேன், அந்தக் காசில் நடக்க முடியாதவர்களுக்கு ஆட்டோ வைக்கலாம்.

திரும்பி வந்த பிறகும் வேலை உண்டு. சொட்டு மருந்து நேரத்துக்குப் போடுகிறார்களா, கண்ணில் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்கிறார்களா என்று தெருவுக்கு ஒருவர் கேட்டுக்கொள்ள வேண்டும். ஒரு மாதம் கழித்து மறுபரிசோதனை இருக்கும், அதற்கு ஒருவர் விடாமல் வரவேண்டும். போன் நம்பரோடு ஒரு நோட்டு போட்டுக்கொள்ளுங்கள், நம்பர் இல்லாதவர்களுக்குப் பக்கத்து வீட்டு நம்பர்.

தேதி கேட்கும்போது ஊர்த் திருவிழா, அறுப்புக் காலம், பெரிய முகூர்த்த நாள் மூன்றையும் தவிர்த்துவிட்டுக் கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமைக்குப் போட்டி அதிகம், நன்றாக முன்கூட்டியே போய்ச் சொல்லிவையுங்கள். ஆதார் நகல் கொண்டுவரச் சொல்லி நோட்டீஸில் பெரிய எழுத்தில் போடுங்கள், பார்வை மங்கியவர்கள்தானே படிக்கப் போகிறார்கள்.