காட்பாடிப் பக்கத்து நீச்சல் வகுப்பு: சனிக்கிழமைக்காகவே சேர்க்கலாம்

கத்திரி பிறக்கும் முன்பே வேலூரில் வெயில் 40 டிகிரியைத் தொட்டுவிடுகிறது. மோர்தானா அணை, பாலாற்று மணற்குழி, கைவிட்ட கல்குவாரி என்று பையன்களை இழுத்துப் போக எப்படியும் ஒரு கூட்டாளி கிடைத்துவிடுவான். அதனால் எட்டாம் வகுப்பு முடித்த மகனைக் காட்பாடிப் பக்கம் ஒரு தனியார் குளத்தில் சேர்த்தேன்.

மாதம் 3,000 ரூபாய். தொப்பியும் நீச்சல் கண்ணாடியும் தனிச் செலவு. உடை மாற்றும் அறைக்குத் தாழ்ப்பாள் கிடையாது. மாலையில் கூட்டம் நெரிகிறது, காலை 6 மணி வகுப்பே நல்லது.

பயிற்சியாளர் குடியாத்தம் பக்கத்தில் சுரைக்குடுக்கை கட்டிக்கொண்டு கிணற்றில் நீந்தப் பழகியவர். சனிக்கிழமைகளில் பிள்ளைகளைச் சட்டை, கால்சட்டையோடு தண்ணீரில் இறக்குகிறார். நனைந்த துணியின் கனம் தெரிந்ததும் பாதிப் பேரின் வீரம் அடங்கிவிடுகிறது. பிறகு மல்லாந்து மிதக்க வைக்கிறார். குவாரியில் மேல்தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும், கீழே சில்லென்று இருக்கும். அந்தக் குளிர் தாக்கியதும் தன்னையறியாமல் மூச்சை இழுப்போம், தண்ணீர் உள்ளே போய்விடும். ஏறி வரலாம் என்றால் கால் வைக்கப் படி இருக்காது, செங்குத்துப் பாறைதான். மணற்குழியில் முழங்கால் ஆழத்துக்கு அடுத்த அடியே ஆளை மூழ்கடிக்கும்.

மூழ்குகிறவன் பெரும்பாலும் கத்த மாட்டான், மூச்சுக்கே வழியில்லாதபோது குரல் எங்கிருந்து வரும்? காப்பாற்றக் குதித்தால் நம்மைப் பிடித்து அமுக்கிவிடுவான். கயிறோ வேட்டியோ, மூடி இறுக்கிய காலித் தண்ணீர் கேனோ வீசச் சொல்லிப் பழக்குகிறார். கரையேற்றியவரைத் தலைகீழாகச் சுற்றுவதும் வயிற்றை அமுக்குவதும் கூடாது. மூச்சில்லை என்றால் முதலில் வாயோடு வாய் வைத்து ஊத வேண்டும், பிறகு நெஞ்சை அழுத்த வேண்டும், கூட இருப்பவர் 108-ஐ அழைக்க வேண்டும். இதை ஒரு பொம்மையை வைத்துச் செய்யவும் வைத்தார். வேறெங்கும் இதைச் சொல்லிக்கொடுத்து நான் பார்த்ததில்லை.

ஒன்றுதான் எனக்கு ஒப்பவில்லை. 25 மீட்டர் நீந்தி முடித்ததும் 'நீச்சலில் தேர்ந்தவர்' என்று சான்றிதழ் கொடுக்கிறார்கள். அதை நீட்டி, "அப்பா, இனி அணைக்குப் போகலாம் இல்லையா?" என்று கேட்டான் மகன். குளத்தில் 25 மீட்டர் நீந்தினார் என்று மட்டும் அச்சடிக்குமாறு அலுவலக அறையில் சொல்லிவிட்டு வந்தேன். சிரித்தார்கள், மாற்றுவார்களா என்று தெரியவில்லை.

பெண் பிள்ளைகளுக்குத் தனி நேரம் உண்டு, பெண் பயிற்சியாளர்தான் இல்லை. ஒருவரை அமர்த்தினால் மகளையும் சேர்ப்பேன்.