ஒரு குறை உள்ள கிட்டாரா, நாலு குறை உள்ள ரீப்ளேஸ்மென்ட்டா? நான் எதை வச்சிக்கிட்டேன்னா

எலக்ட்ரிக் கிட்டார் ஆன்லைன்ல வாங்கி, அது பழுதா வந்து, மாத்தி கேட்டு, மாத்தி வந்ததும் முழுசா சரியா இல்லாம எதை திருப்பி அனுப்புறதுன்னு முழிக்கிறவங்களுக்காக இதை எழுதுறேன். கும்பகோணம், மாயவரம், திருவாரூர்னு நம்ம பக்கம் எங்க இருந்தாலும் இதான் நிலைமை, நாலஞ்சு எலக்ட்ரிக் கிட்டாரை கையில எடுத்து ஆம்ப்ல போட்டு வாசிச்சு பாத்து வாங்குற மாதிரி கடை கம்மி, ஆர்டர் போட்டுட்டு என்ன வருதோ அதை பிரிச்சு பாக்க வேண்டியதுதான். கடை பேரும் பிராண்ட் பேரும் போடல, இந்த விலையில எந்த பிராண்ட்லயும் இது வரக்கூடிய விஷயம்தான்.

நான் வாங்கினது ஸ்ட்ராட் மாடல், அதான் ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் டிசைன்ல பண்ணது. மூணு சிங்கிள் காயில் பிக்கப் (கம்பி அதிர்வை ஆம்புக்கு எடுத்து அனுப்புற காந்தச்சுருள்), எந்த பிக்கப் வேலை செய்யணும்னு மாத்துற அஞ்சு பொசிஷன் சுவிட்ச், மேப்பிள் மரத்துல நெக் (விரல் வச்சு வாசிக்கிற நீளமான பகுதி), 25.5 இன்ச் ஸ்கேல், அதான் கம்பி அதிர்ற நீளம், விலை 20,000 ரூபாயை ஒட்டி. கோயில் திருவிழா லைட் மியூசிக், கல்யாண ரிசப்ஷன், ஞாயித்துக்கிழமை சர்ச்சுன்னு எல்லாத்துக்கும் இது ஒண்ணுதான்.

முதல்ல வந்தது பாக்க அவ்ளோ அழகு. பெயின்ட்ல ஒரு கீறல் கிடையாது, நட்டு (ஹெட் பக்கம் கம்பி உக்கார்ற பள்ளம் வச்ச சின்ன கட்டை), கம்பியை முறுக்குற ட்யூனர் எல்லாம் பக்கா, நெக் பிக்கப்ல போட்டு டோனை கொஞ்சம் இறக்கி வாசிச்சா அப்படி ஒரு குழைவு. எங்க ட்ரூப்ல கீபோர்டு வாசிக்கிற அண்ணன் கேட்டுட்டு "டேய் இது சவுண்டே வேற, எக்காரணம் கொண்டும் விட்றாத"ன்னுட்டாரு. ஒரே ஒரு குறைதான். ஒண்ணாவது கம்பி, அதான் மெல்லிசான E கம்பி, அஞ்சாவது ஃப்ரெட்ல (நெக்ல குறுக்க இருக்குற உலோக மெட்டு) இருந்து ஒன்பதாவது வரைக்கும் கிர்ர்ருன்னு உரசுது, பென்ட் பண்ணா, அதாவது கம்பியை பக்கவாட்டுல தள்ளி சுரத்தை ஏத்தினா, சத்தம் செத்துடுது. ஆனா அதே இடத்துல மேல தடிக்கம்பி பக்கம் பாத்தா கம்பி கையில வெட்டுற அளவுக்கு உசரமா நிக்குது.

இதை எப்படி கண்டுபிடிக்கிறதுன்னு கொஞ்சம் விளக்கமா சொல்றேன், வாங்கினவுடனே எல்லாரும் செய்ய வேண்டிய சோதனை இது. முதல் ஃப்ரெட்ல கேப்போ (எல்லா கம்பியையும் அழுத்தி பிடிக்கிற கிளிப்) போடுங்க, நெக் பாடியோட சேர்ற இடத்துல கம்பியை அழுத்தி பிடிங்க, இப்ப ஏழாவது எட்டாவது ஃப்ரெட் மேல கம்பிக்கு கீழ எவ்ளோ இடைவெளி இருக்குன்னு பாருங்க. சுமார் கால் மில்லிமீட்டர் இருக்கணும், ஒரு விசிட்டிங் கார்டு லேசா நுழையுற அளவு. இதை தடிக்கம்பியிலயும் பாக்கணும் ஒண்ணாவது கம்பியிலயும் பாக்கணும், நிறைய பேர் ஒரு பக்கம் மட்டும் பாத்துட்டு விட்டுடுறாங்க. எனக்கு தடிக்கம்பி பக்கம் ரெண்டு கார்டு நுழைஞ்சுது, ஒண்ணாவது கம்பி பக்கம் ஒண்ணுமே நுழையல. நெக்குக்குள்ள ஓடுற இரும்புக் கம்பியான ட்ரஸ் ராடை ஆலன் கீ போட்டு கால் சுத்து டைட் பண்ணா தடிக்கம்பி பக்கம் சரியாகும், ஆனா ஒண்ணாவது கம்பி பக்கம் நெக் பின்னாடி வளைஞ்சு இன்னும் உரசும். தளர்த்தினா ஒண்ணாவது கம்பி பக்கம் உரசல் போகும், தடிக்கம்பி பக்கம் வாசிக்கவே முடியாது. ஏன்னா ட்ரஸ் ராடால நெக்கோட வளைவை மட்டும்தான் சரி பண்ண முடியும், முறுக்கை சரி பண்ண முடியாது. நெக் முறுக்கியிருந்துச்சு.

தஞ்சாவூர்ல வீணை பண்ற ஆசாரி ஒருத்தர் எங்க அப்பாவுக்கு பழக்கம், அவர்ட்ட கொண்டு போனேன். கிட்டாரை வாங்கி, ஹெட் பக்கம் கண்ணு வச்சு, ஒரு கண்ணை மூடி நெக் நீளத்துக்கும் பாத்தாரு, அப்புறம் திருப்பி பாடி பக்கத்துல இருந்து பாத்தாரு. "தம்பி, மரம் நல்லா காயாம அறுத்துருக்காங்க, இது இன்னும் திரும்பும்"னாரு. வீணைன்னா 24 மெட்டும் மெழுகு மேல உக்காந்திருக்கு, சுருதி தப்புனா மெழுகை இளக்கி மெட்டை திரும்ப வச்சு மேளம் கட்டிக்கலாம். கிட்டார்ல ஃப்ரெட்டை பள்ளம் போட்டு அடிச்சு இறக்கியிருக்கு, நகத்த முடியாது, தேய்க்கத்தான் முடியும். திருச்சில கிட்டார் ரிப்பேர் பாக்குற அண்ணன்ட்டயும் கேட்டேன். ஃப்ரெட்டை லெவல் பண்ணி உரசலை மறைக்கலாம், ஆனா ஃப்ரெட் ஆயுசு குறையும், ஐப்பசி கார்த்திகை மழையில மரம் ஈரம் குடிச்சுதுன்னா மறுபடி ஆரம்பிக்கும்னாரு. ஆறு கம்பியும் சேந்து நெக்கை 40 கிலோவுக்கு கிட்ட இழுத்துக்கிட்டே இருக்கு, அந்த இழுப்புல ஏற்கனவே திரும்புன மரம் தானா நேராகாது.

ஸ்ட்ராட் டிசைன் 1954ல வந்தப்பவே நெக்கை ஸ்க்ரூ கழட்டி மாத்துற மாதிரிதான் பண்ணாங்க, அதனால நெக் மட்டும் அனுப்ப முடியுமான்னு கடையில கேட்டேன், முடியாதுன்னுட்டாங்க, முழு கிட்டாரா மாத்தித்தர்றோம்னாங்க. வீடியோ கேட்டாங்க, கேப்போ போட்டு ரெண்டு பக்கமும் கார்டு வச்சு எடுத்து அனுப்பினதும் மறுபேச்சு பேசல, அதுக்கு அவங்களை பாராட்டணும். புதுசை முதல்ல அனுப்பிட்டு அப்புறமா பழசை எடுத்துக்கிட்டாங்க, ரெண்டையும் பக்கத்துல வச்சு வாசிச்சு பாக்க முடிஞ்சது அதனாலதான். ரெண்டுல எதை வேணா வச்சிக்கோங்கன்னும் சொன்னாங்க.

ரெண்டாவது வந்ததை பிரிச்சதும் மனசு விட்டுப்போச்சு. பின்பக்கம் பெயின்ட் சில்லு பேந்திருக்கு, வால்யூமை திருப்புனா கரகரன்னு சத்தம், நாலாவது கம்பி ட்யூனர் ஆடுது, நட்டுல மூணாவது கம்பி பள்ளம் ஆழம் பத்தாம முதல் ஃப்ரெட்ல அழுத்தினா சுருதி பாக்குற மெஷின்ல சுருதி ஏறி காட்டுது. சவுண்டும் முதல் கிட்டார் மாதிரி இல்ல, சப்புன்னு இருந்துச்சு. வீட்ல எல்லாரும் முதல்ல வந்ததையே வச்சிக்கன்னாங்க.

ஆனா நெக்கை பாத்தேன், ரெண்டு பக்கமும் ஒரே இடைவெளி. அங்கேயே முடிவு பண்ணிட்டேன். வால்யூம் கரகரப்புக்கு காண்டாக்ட் கிளீனர் ஒரு அடி, ட்யூனருக்கு ஸ்க்ரூ டிரைவர், நட்டுக்கு திருச்சி அண்ணன்ட்ட அரம் போட்டாச்சு. சில்லு போன இடம் சட்டையில மறையுது. சவுண்ட் விஷயம்தான் முக்கியம், அதை கேளுங்க. பிக்கப் ரெண்டுலயும் ஒண்ணுதான், புதுசுல மூணையும் ரொம்ப கீழ இறக்கி வச்சு அனுப்பியிருக்காங்க, அவ்ளோதான். பக்கத்துல இருக்குற ஸ்க்ரூவை திருப்பி கொஞ்சம் கொஞ்சமா ஏத்தி பழசுக்கு பக்கத்துல வச்சு கேட்டேன், முக்கால்வாசி வித்தியாசம் போயிடுச்சு. ரொம்பவும் ஏத்தக்கூடாது, சிங்கிள் காயில்ல காந்தம் கம்பியை இழுத்து சுருதி அலைய ஆரம்பிக்கும். கடைசியா 12வது ஃப்ரெட்ல கம்பியை லேசா தொட்டு எடுக்குற ஹார்மோனிக்கையும் அழுத்துன சுரத்தையும் சுருதி மெஷின்ல ஒப்பிட்டு, பாடி பக்கம் கம்பி உக்கார்ற சாடிலை தள்ளி வச்சதும் மேல போய் வாசிக்கிற லீடு கூட சுத்தமா நிக்குது.

கீபோர்டு அண்ணனுக்கு இன்னும் வருத்தம்தான், அந்த குழைவு இதுல வரலங்குறாரு, அவர் சொல்றதுல கொஞ்சம் உண்மை இருக்கு. இருந்தாலும் மேடையில ஒண்ணாவது கம்பியில பென்ட் பண்றப்ப சத்தம் அறுந்து போற கிட்டாரை என்னால நம்பி எடுத்துட்டு போக முடியாது.

ஒண்ணு சொல்லியாகணும், சிங்கிள் காயில்னால 50 ஹெர்ட்ஸ் கரண்ட் இரைச்சல் வரும், அதுவும் ஜெனரேட்டர், சீரியல் லைட் எல்லாம் போட்ட மேடையில நல்லாவே கேக்கும், அதை பழுதுன்னு நெனச்சு திருப்பி அனுப்பிடாதீங்க. என் கிட்டார்ல நடு பிக்கப் எதிர் சுத்து சுத்துனது, சுவிட்சை ரெண்டாவது நாலாவது பொசிஷன்ல வச்சா அடங்கிடுது.

இந்த விலைக்கு வாங்கலாமான்னா தாராளமா வாங்கலாம், செட்டப்புக்கு தனியா 1,000 ரூபாயோ 2,000 ரூபாயோ எடுத்து வச்சிக்கோங்க. ஆர்டர் போடுறதுக்கு முன்னாடியே ரீப்ளேஸ்மென்ட் வந்தப்புறம்தான் பழசை எடுப்பீங்களான்னு கேட்டு எழுத்துல வாங்கிக்கோங்க. கும்பகோணம் பக்கம் யாராவது வாசிச்சு பாக்கணும்னா சொல்லுங்க, எடுத்துட்டு வர்றேன்.