ஆர்ட்டீமியா பொரிக்க எவ்வளவு உப்பு? கடல் தண்ணீரும் கல்லுப்பும் ஓர் ஒப்பீடு

பொரித்து மீன்குஞ்சுகளுக்கு ஊட்டுவதற்காக, ஆர்ட்டீமியா என்ற உப்புநீர்ச் சிற்றுயிரின் முட்டையைக் கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் வாங்கினால் கூடவே ஓர் அறிவுரையும் கிடைக்கும்: உப்பைத் தூக்கலாகப் போடுங்கள், அப்போதுதான் பொரியும். தூத்துக்குடி உப்பளங்களில் தானாகவே வாழும் உயிர் இது, அதனால் இப்படித் தோன்றுவது இயல்புதான். ஆனால் வளர்ந்த ஆர்ட்டீமியாவுக்குப் பிடித்த உப்பு வேறு, முட்டைக்குத் தேவையான உப்பு வேறு. உப்பளத்தில் முட்டைகள் மாதக்கணக்கில் காய்ந்து கிடக்கும். மழை பெய்து உப்புநீர் நீர்த்த பிறகுதான் பொரியும்.

காரணம் முட்டைக்குள் இருக்கிறது. தண்ணீர் பட்டதும் உள்ளே உறங்கும் கரு விழித்து, சேமித்து வைத்த டிரெஹலோஸ் என்ற சர்க்கரையைக் கிளிசராலாக மாற்றத் தொடங்கும். கிளிசரால் வெளியே இருக்கும் தண்ணீரை உள்ளே இழுக்கும். அழுத்தம் ஏறி ஓடு வெடிக்கும். வெளியே உப்பு அதிகமாக இருந்தால் தண்ணீர் எளிதில் உள்ளே வராது. கரு இன்னும் கொஞ்சம் கிளிசரால் செய்ய வேண்டும், அதற்குத் தன் சேமிப்பிலிருந்தே செலவழிக்க வேண்டும். ஆகவே பொரிவது தாமதமாகும், பொரிந்த குஞ்சிலும் சத்து குறைந்திருக்கும். ஃபைட்டர் மீன்குஞ்சுக்கும் ஏஞ்சல் மீன்குஞ்சுக்கும் நாம் ஊட்டுவது அந்தச் சத்தைத்தான். லிட்டருக்கு 80 கிராமைத் தாண்டினால் முட்டைகள் பெரும்பாலும் வெடிப்பதே இல்லை.

இனி வடசென்னையில் நம் கைக்கு எட்டும் தண்ணீர்களைப் பார்ப்போம்.

முதலில் கடல் தண்ணீர். லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. காரத்தன்மையைக் காட்டும் பிஹெச் அளவு 8-ஐ ஒட்டி இயல்பாகவே இருப்பதால் ஆப்ப சோடா தேவைப்படாது. முட்டை நன்றாகவே பொரியும், இதைக் குறை சொல்ல முடியாது. சிக்கல் தண்ணீர் எடுக்கும் இடத்தில்தான். காசிமேடு துறைமுகத்துக்குள் டீசலும் மீன் கழிவும் கலந்திருக்கும். எண்ணூர் கழிமுகத்தில் 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயலுக்குப் பிறகு எண்ணெய் பரவியதை இந்தப் பக்கத்துக்காரர்கள் மறக்க முடியாது. அங்கே மீன்பிடித்துப் பிழைத்தவர்கள் பட்ட பாட்டின் முன் நம் முட்டை டப்பா ஒன்றுமில்லை. அந்தத் தண்ணீரைப் பொரிப்புக்கு எடுக்காதீர்கள். திறந்த கடற்கரையில் எடுத்தாலும் ஐப்பசி, கார்த்திகையில் மழைத் தண்ணீரும் ஆற்றுத் தண்ணீரும் கரையோரத்தில் கலந்து உப்பு இறங்கிவிடும். முட்டைக்கு அது கெடுதல் இல்லை, ஆனால் எவ்வளவு உப்பு என்ற கணக்கு போய்விடும். படகில் போகிறவர்களிடம் சொல்லி வெளிக்கடலில் எடுத்துவரச் செய்ய முடிந்தால், அதோடு சம அளவு நல்ல தண்ணீர் கலந்து 17, 18 கிராமுக்கு இறக்கிக்கொள்ளுங்கள். கிடைப்பதிலேயே சிறந்த பொரிப்புத் தண்ணீர் அதுதான் என்பேன்.

அடுத்து கல்லுப்பும் மெட்ரோ வாட்டரும். கொளத்தூர், பெரம்பூர், வியாசர்பாடி வீடுகளுக்கு இதுதான் சரி. லிட்டருக்கு 20 முதல் 25 கிராம், கரண்டியால் அல்ல, தராசில் நிறுத்துப் போடுங்கள். கல்லின் அளவுக்கேற்ப ஒரே கரண்டியில் எடை மாறும். பலர் கோட்டை விடுவது உப்பில் இல்லை, சோடாவில்தான். ஓட்டை உடைத்து வெளியேற உதவும் நொதி, பிஹெச் 8-க்கு மேல்தான் நன்றாக வேலை செய்யும். கடல் தண்ணீரில் அந்த பிஹெச்சைத் தாங்கும் உப்புகள் உண்டு, கல்லுப்பில் இருப்பது பெரும்பாலும் வெறும் சோடியம் குளோரைடு. வடசென்னைக்கு ஏரித் தண்ணீரோடு, காட்டுப்பள்ளியில் 2010-இல் தொடங்கிய ஆலையின் கடல்நீரைக் குடிநீராக்கிய தண்ணீரும் வருகிறது. அப்படி உப்பு நீக்கிய தண்ணீரிலும் வீட்டு ஆர்ஓ தண்ணீரிலும் பிஹெச்சைத் தாங்கிப் பிடிக்கும் சத்து குறைவு. ஆகவே லிட்டருக்கு ஒரு கிராம் ஆப்ப சோடா சேருங்கள். பொரிப்பு விகிதம் குறைவாக இருக்கிறதென்று உப்பை ஏற்றிக்கொண்டே போகும் நண்பர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

தூள் உப்பு கூடாது, அயோடின் கொன்றுவிடும் என்பார்கள். அந்தப் பயம் வேண்டாம். 25 கிராம் தூள் உப்பில் இருக்கும் அயோடின் ஒரு மில்லிகிராமுக்கும் குறைவு. கல்லுப்பு மலிவு என்பது மட்டுமே அதைத் தேர்ந்தெடுக்கப் போதுமான காரணம். மீன் கடையில் விற்கும் செயற்கைக் கடலுப்பும் நன்றாக வேலை செய்யும், ஆனால் ஒரு நாள் பொரிப்புக்கு அந்த விலை தேவையில்லை.

கடைசியாகக் குறைந்த உப்பு, லிட்டருக்கு 5 முதல் 10 கிராம். கருவின் செலவு இங்கேதான் மிகக் குறைவு, சில வகை முட்டைகள், குறிப்பாக சான் பிரான்சிஸ்கோ வகை, இதில் சிறப்பாகவே பொரியும். ஆனாலும் வீட்டுப் பொரிப்புக்கு இதை நான் பரிந்துரைப்பதில்லை. சோடா இல்லாமல் இதில் எதுவும் நடக்காது. அதோடு உப்பு கூடிய தண்ணீரில் காலி ஓடுகள் எளிதில் மேலே மிதக்கும். உப்பு குறைந்தால் ஓடும் குஞ்சும் கலந்து கிடக்கும், பிரித்தெடுப்பது பெரும்பாடு. ஓட்டைத் தின்று வயிறு அடைத்துச் சாகும் மீன்குஞ்சுகளைப் பார்த்தவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை என்று தெரியும்.

உப்பைச் சரியாகப் போட்டும் பொரியவில்லை என்றால் மற்றதைப் பாருங்கள். லிட்டருக்கு இரண்டு கிராம் முட்டைக்கு மேல் வேண்டாம். காற்று பம்பின் கற்கள் குமிழி விட்டுக்கொண்டே இருக்க வேண்டும், ஏனென்றால் 28 டிகிரியில் நல்ல தண்ணீர் லிட்டருக்கு ஏறக்குறைய 7.8 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடிக்கும், கடல் தண்ணீர் ஏறக்குறைய 6.4 தான். ஆரம்ப மணிகளில் நல்ல வெளிச்சம் வேண்டும். 26 முதல் 29 டிகிரிக்குள் 24 மணி நேரத்தில் முடிந்துவிடும். மார்கழி இரவுகளில் இன்னும் நேரம் பிடிக்கும். பொரிந்து ஆறிலிருந்து எட்டு மணி நேரத்தில் குஞ்சு தோலுரித்து அடுத்த கட்டத்துக்குப் போய்விடும், மஞ்சள் கருச் சத்தும் குறைந்துகொண்டே வரும். ஆகவே உடனே வடித்து, நல்ல தண்ணீரில் அலசிப் போடுங்கள்.

போர் தண்ணீர் பயன்படுத்துபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மீஞ்சூர், எண்ணூர், திருவொற்றியூர் பக்கம் நிலத்தடியில் கடல் உட்புகுந்திருப்பதால் பல கிணறுகளில் ஏற்கெனவே உப்பு இருக்கும். தண்ணீரில் கரைந்த உப்பைக் காட்டும், பேனா மாதிரி இருக்கும் டிடிஎஸ் மீட்டரை வைத்துப் பாருங்கள். 3000 காட்டினால் லிட்டருக்கு மூன்று கிராம் அங்கேயே இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு, 25-இல் மூன்றைக் கழித்து 22 கிராம் கல்லுப்புப் போட்டால் போதும். சித்திரை வெயிலில் மொட்டைமாடியில் பொரிப்பவர்கள் பாட்டிலை நிழலுக்கு மாற்றுங்கள். தண்ணீர் ஆவியாகி உப்பு ஏறுவது ஒரு பக்கம், 33 டிகிரியைத் தாண்டும் சூடு அதைவிடப் பெரிய கெடுதல்.