டியூபாக்காரர்களுக்கு மூச்சுப் பை: வாங்கலாமா?

நீண்ட ஸ்வரம் பிடிக்கும்போது டியூபா என்ற பெரிய பித்தளை ஊதுவாத்தியம் குடிக்கிற காற்று கொஞ்சநஞ்சமல்ல, அதுவும் கீழ்ஸ்தாயியில் பலமாக ஊதினால் சில விநாடியிலேயே நெஞ்சு காலி. அதற்காகத்தான், முழு மூச்சு இழுத்துப் பழக, இந்த 6 லிட்டர் ரப்பர் மூச்சுப் பையை வாங்கினேன், காசு வீண் போகவில்லை. சிகாகோ சிம்பொனி இசைக்குழுவில் 1944 முதல் 1988 வரை டியூபா வாசித்த ஆர்னால்ட் ஜேக்கப்ஸ் பாடம் நடத்தப் பயன்படுத்திய சாதனங்களில் இதுவும் ஒன்று.

பையை ஊதி நிரப்பி, அதே காற்றை முழுசாக உள்ளே இழுக்க வேண்டும், அவ்வளவுதான். எவ்வளவு இழுக்கிறோம் என்பது கண்ணுக்கே தெரிவதால் தோளை மட்டும் தூக்கி ஏமாற்ற முடியாது. வெறுமனே வேகமாக ஆழ்ந்து மூச்சுவிட்டால் உடம்பில் கார்பன் டை ஆக்சைடு குறைந்து தலை சுற்றும்; இதில் விட்ட காற்றே திரும்பி வருவதால் அந்தத் தொல்லை குறைவு. ஆனால் ஆக்சிஜனும் குறைந்துகொண்டே போகும், நாலைந்து மூச்சோடு நிறுத்திவிடுங்கள், ஆஸ்துமா இருந்தால் டாக்டரைக் கேட்காமல் தொடவே வேண்டாம்.

குறையா? ரப்பர் வாடை, அப்பப்பா! குழாய் இணைப்பும் லூஸ். அப்புறம், இது நுரையீரலைப் பெரிதாக்காது, இருப்பதை முழுக்க நிரப்பத்தான் பழக்கும். காற்றைச் சீராக வெளியே விடுவதை மெட்ரோனோம் (தாளம் தட்டும் கருவி) வைத்து வாத்தியத்தில்தான் பழக வேண்டும்.