பிரிட்டனா, டெக்சாஸா? நர்ஸ் லைசென்ஸ் வாங்குவதும் காப்பாற்றுவதும்

வெளிநாடு போக நினைக்கும் நர்ஸ்கள் பிரிட்டனையும் அமெரிக்காவையும் ஒப்பிடும்போது சம்பளம், பரீட்சை, விசா என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. ஏஜென்சிகளும் அதற்கு மேல் சொல்வதில்லை. அங்கே போய்ச் சேர்ந்த பிறகு நம் பேரில் ஒரு புகார் வந்தால் லைசென்ஸ் என்ன ஆகும்? முடிவெடுப்பதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி இது. அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் மாறும் என்பதால் இங்கே டெக்சாஸை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் உள்ளே நுழையும் வழி. பிரிட்டன் முழுவதற்கும் நர்சிங் அண்ட் மிட்வைஃபரி கவுன்சில், அதாவது என்.எம்.சி.யின் பதிவேடு ஒன்றுதான். கம்ப்யூட்டரில் எழுதும் சி.பி.டி. தேர்வை ஊரிலேயே முடித்துவிடலாம். மருந்துக் கணக்கில் 15 கேள்விகள், நர்சிங்கில் 100 கேள்விகள். அப்புறம் பிரிட்டனுக்குப் போய்ப் பத்து நிலையங்கள் கொண்ட ஆஸ்கி செய்முறைத் தேர்வு. ஆங்கிலத் தகுதிக்கு ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வு என்றால் எழுத்தில் 6.5, மற்ற மூன்றிலும் 7 வேண்டும்.

டெக்சாஸுக்கு என்க்ளெக்ஸ், அமெரிக்காவில் நர்ஸ் லைசென்ஸுக்கான தேர்வு. இதைச் சென்னையிலேயே எழுதலாம். ஐந்து மணி நேரம். நாம் பதில் சொல்வதைப் பொறுத்து 85 கேள்வியிலும் நிற்கலாம், 150 வரையும் போகலாம். கூடவே அந்த மாநில நர்சிங் சட்டத்தில் ஒரு தனித் தேர்வும் உண்டு. எந்தச் சட்டத்தின் கீழ் வேலை செய்யப் போகிறோம் என்று படித்துவிட்டு வேலையில் சேர்வது எவ்வளவோ நல்லது. பிரிட்டனிலும் இப்படி ஒரு தாள் இருந்தால் நன்றாக இருக்கும். ஆனால் கிரீன் கார்டு வழியாகப் போகும் இந்திய நர்ஸ்களுக்கு இ.பி.-3 என்ற வேலைவாய்ப்புப் பிரிவின் வரிசை பத்தாண்டுக்கும் மேலாக நீண்டு கிடக்கிறது. சீக்கிரம் போக வேண்டும் என்பவருக்கு இது ஒன்றே போதும், பிரிட்டன்தான்.

பழைய வழக்கு இருப்பவர்கள் விஷயம் வேறு. பக்கத்து வீட்டுத் தகராறில் பெயர் சேர்க்கப்பட்ட எப்.ஐ.ஆர். ஆகவும் இருக்கலாம். டெக்சாஸ் விண்ணப்பத்தில் கேள்விகள் துருவித் துருவி வரும்: தண்டனை, நிலுவையில் உள்ள வழக்கு, வேறு கவுன்சில் எடுத்த நடவடிக்கை எல்லாம் கேட்பார்கள். கைரேகையும் எடுப்பார்கள். கொலை, கடுமையான பாலியல் குற்றம் போன்றவற்றுக்கு லைசென்ஸ் மறுக்கப்படும் என்று சட்டத்திலேயே பட்டியல் போட்டிருக்கிறார்கள். அங்கேயே படிக்கப் போகும் மாணவர், கல்லூரியில் சேருவதற்கு முன்பே மனுப் போட்டு, தனக்குத் தகுதி உண்டா என்று லைசென்ஸ் தரும் டெக்சாஸ் நர்சிங் போர்டிடம் கேட்டுக்கொள்ளலாம். என்.எம்.சி. உடல்நலம், நன்னடத்தை பற்றிய உறுதிமொழியும் போலீஸ் சான்றிதழும் கேட்டு, ஒவ்வொருவர் விஷயத்தையும் தனித்தனியாக எடைபோடுகிறது. இரண்டு இடத்திலும், சொன்ன வழக்கை விட மறைத்த வழக்குதான் ஆளைக் கவிழ்க்கும். "சின்ன கேஸ்தானே, எழுதாதே" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

இனி ஒழுங்கு நடவடிக்கை. நம் ஊரில் தவறு நடந்தால் முதலில் வருவது ஆஸ்பத்திரி மெமோ. அங்கே புகார் நேராக லைசென்ஸ் மீது பாயலாம். என்.எம்.சி. விசாரணைக் குழு மூன்று படியாகப் போகும்: நடந்தது உண்மையா, இன்றைய தேதியில் இவர் பணிசெய்யத் தகுதியானவரா, தகுதியில் குறை என்றால் என்ன நடவடிக்கை. நடுவில் வரும் அந்த "இன்றைய தேதி" பெரிய பாதுகாப்பு. தவறான டோஸ் கொடுத்தவர் அதை மறைக்காமல் சொல்லி, அதற்கான பயிற்சியை முடித்து, ஏன் நடந்தது என்று உணர்ந்து எழுதியிருந்தால், குறை ஒன்றும் இல்லை என்றே வழக்கு முடியலாம். திறமைக் குறைவுக்காக மட்டும் எடுத்த எடுப்பில் பெயரை நீக்கவும் முடியாது. பெயர் நீக்கப்பட்டால்தான் கஷ்டம்: ஐந்து ஆண்டு கழித்துத்தான் திரும்பக் கேட்க முடியும். டெக்சாஸில் லைசென்ஸ் ரத்தானால் ஓராண்டு கழித்து மனுப் போடலாம்.

என்.எம்.சி.யின் பெரிய குறை தாமதம். 15 மாதத்துக்குள் 80 சதவீத வழக்குகளை முடிப்பது என்று வைத்த இலக்கையே எட்ட முடியாமல் திணறியது. 2024 ஜூலையில் வந்த சுயேச்சையான ஆய்வறிக்கையும் அதன் நிர்வாகக் கலாசாரத்தைக் கடுமையாகச் சாடியது. வழக்கு முடியும்வரை தூக்கமில்லாமல் வார்டில் நிற்கும் நர்ஸை நினைத்தால் மனசு ஆறவில்லை.

டெக்சாஸில் எனக்கு மிகவும் பிடித்தது 'சேஃப் ஹார்பர்' விதி. நைட் டூட்டியில் ஆள் குறைவு, பத்திரமாகப் பார்க்க முடியாத அளவு நோயாளிகளை இன்சார்ஜ் உங்கள் தலையில் கட்டுகிறார் என்று வையுங்கள். பொறுப்பை ஏற்கும்போதே உங்கள் பெயர், தேதி, நேரம், இடம், சொன்னவர் யார், ஏன் பாதுகாப்பில்லை என்று சுருக்கமாக எழுதிக் கொடுத்துவிட வேண்டும். ஷிப்ட் முடிந்து கிளம்புவதற்குள் விரிவான மனு. பிறகு சக நர்ஸ்கள் குழு அதை விசாரிக்கும். நல்லெண்ணத்தோடு எழுதிக் கொடுத்திருந்தால், அந்தப் பொறுப்பை ஏற்றதற்காக உங்கள் லைசென்ஸ் மீது போர்டு கை வைக்க முடியாது. பழிவாங்கவும் தடை இருக்கிறது. என்.எம்.சி. விதியும் ஆபத்தைத் தெரிவிக்கச் சொல்கிறது, ஆனால் தெரிவித்தவருக்கு இப்படி ஒரு கவசத்தைத் தரவில்லை. போதைப் பழக்கம், மனநலப் பிரச்சினை உள்ளவர்கள் கண்காணிப்போடு வேலைக்குத் திரும்ப உதவும் திட்டமும் டெக்சாஸில் உண்டு.

இதனால் டெக்சாஸ் மென்மையான இடம் என்று எண்ணிவிட வேண்டாம். அங்கே புகார் வந்தால் பெரும்பாலும், விசாரணைக்குப் போகாமல் நடவடிக்கையை ஏற்றுக்கொள்கிறேன் என்று கையெழுத்துக் கேட்கும் ஒப்புதல் உத்தரவு ஒன்றை நீட்டுவார்கள். வழக்கறிஞரிடம் காட்டாமல் கையெழுத்துப் போட்டால் அது பொது ஆவணமாகி, நீங்கள் எந்த மாநிலத்துக்குப் போனாலும் கூடவே வரும்.

எனவே சீக்கிரம் போய்ச் சம்பாதிக்க வேண்டியவர் பிரிட்டனுக்குப் போகட்டும். காத்திருக்க முடிந்தவருக்கு, வார்டில் தினமும் கிடைக்கும் பாதுகாப்பை வைத்துப் பார்த்தால் என் ஓட்டு டெக்சாஸுக்கு. எதுவானாலும் தமிழ்நாடு நர்சிங் கவுன்சில் பதிவைக் காலாவதியாக விடாதீர்கள், பதிவுச் சரிபார்ப்பு அங்கிருந்துதான் போக வேண்டும். டெக்சாஸ் போனால் லைசென்ஸ் வழக்குச் செலவையும் ஏற்கும் இன்சூரன்ஸ் எடுங்கள். பிரிட்டன் என்றால் ராயல் காலேஜ் ஆஃப் நர்சிங் போன்ற சங்கத்தில் வேலையில் சேரும் அன்றே உறுப்பினராகுங்கள். சம்பவம் நடந்த நாளில் உறுப்பினராக இருந்தவருக்குத்தான் அவர்கள் வழக்கறிஞர் தருவார்கள்.