பாலிகாம் ஏற்றிக்கொள்ளும் பிள்ளையின் அம்மா எழுதுவது

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இம்யூனோகுளோபுலின் (நோய்க்கிருமியை எதிர்க்கும் ஆன்டிபாடிகள் கொண்ட மருந்து) தேவைப்படும் பிள்ளை உள்ள வீடுகளுக்காக இதை எழுதுகிறேன். நாங்கள் பயன்படுத்துவது பாலிகாம். பக்கத்தில் பைன்டவுனில் இருக்கும் நேஷனல் பயோபிராடக்ட்ஸ் இன்ஸ்டிடியூட் தயாரிக்கிறது. இந்நாட்டு மக்கள் மனமுவந்து கொடுக்கும் பிளாஸ்மாவிலிருந்து, அதாவது ரத்தத்தின் நீர்ப்பகுதியிலிருந்து, எடுப்பது.

என் மகனுக்கு எக்ஸ்.எல்.ஏ., பிறவியிலேயே உடம்பில் ஆன்டிபாடி உண்டாகாத நோய். நிமோனியா, காதில் சீழ், மறுபடி நிமோனியா என்று அலைந்தபோது மாமியார் திருஷ்டி சுற்றிப் போட்டார். கடைசியில் ஒரு குழந்தை மருத்துவர் டார்ச் அடித்துத் தொண்டையைப் பார்த்தார். டான்சில் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை. அன்றே ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக்கொடுத்தார்.

ஆன்டிபாடியை உண்டாக்குவது பி செல் என்ற ரத்த வெள்ளையணு. அது வளர வேண்டுமானால் அதன் மேலிருக்கும் ஏற்பியிலிருந்து உள்ளே செய்தி போக வேண்டும். லின், சிக் என்று ஒரு புரதம் அடுத்ததை எழுப்பிவிடும். அந்த வரிசையில் வரும் பி.டி.கே. என்ற புரதம் என் மகனிடம் வேலை செய்யவில்லை. அதனால் பி செல்கள் எலும்பு மஜ்ஜையிலேயே பாதி வளர்ச்சியில் நின்றுவிடுகின்றன. அவை இல்லாமல் ஆன்டிபாடி ஏது? பிறந்த சில மாதங்கள் என் உடம்பிலிருந்து போன ஆன்டிபாடிதான் அவனைக் காப்பாற்றியிருக்கிறது. 1952-இல் ஆக்டன் புரூட்டன் என்ற அமெரிக்க ராணுவ மருத்துவர் எட்டு வயதுப் பையன் ஒருவனிடம் இந்தக் குறையைக் கண்டறிந்து, காமா குளோபுலின் ஊசி போட்டார். பி.டி.கே. புரதத்துக்கான மரபணு பிடிபட்டது 1993-இல். அது எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் நோய் பெரும்பாலும் ஆண் பிள்ளைகளுக்குத்தான் வரும். உங்கள் குடும்பத்தில் அம்மா வழியில் ஆண் குழந்தைகள் தொற்றில் இறந்திருந்தால் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

இனி மருந்து. எங்களுக்கு வருவது தூள். தண்ணீர் விட்டதும் நர்ஸ் அக்கா பாட்டிலைக் குலுக்க மாட்டார். உள்ளங்கையில் வைத்து மெல்லச் சுழற்றுவார். குலுக்கினால் நுரைத்துவிடும். தெளியும்வரை நானும் கூடவே பார்த்துக்கொண்டிருப்பேன். அவசரப்படுத்துகிற இடத்தில் ஏற்றாதீர்கள். முன்பு போய்க்கொண்டிருந்த ஒரு தனியார் மருத்துவமனையில் ஆரம்பத்திலேயே வேகமாக விட்டார்கள். பையன் அன்றிரவு முழுவதும் தலைவலியில் துடித்தான். இப்போது போகும் இடத்தில் நிதானமாகத் தொடங்கி, காய்ச்சல், நாடித்துடிப்பு பார்த்துத்தான் வேகத்தைக் கூட்டுகிறார்கள். முதல்நாளிலிருந்தே நிறையத் தண்ணீர் குடிக்க வைக்கிறேன். தலைவலி அநேகமாக வருவதில்லை.

பாட்டிலில் இருக்கும் பேட்ச் எண்ணை ஒவ்வொரு முறையும் நோட்டில் எழுதிவைக்கிறேன். பிளாஸ்மாவில் செய்த மருந்து என்பதால் பின்னால் ஏதாவது தெரியவந்தால் எந்தப் பாட்டில் என்று சொல்ல முடிய வேண்டும்.

பலன்? மருத்துவமனைப் படுக்கை நின்றுபோயிற்று. போன வருஷம் காவடித் திருவிழாக் கூட்டத்தில் தாத்தாவோடு கோயில் முழுக்கச் சுற்றினான். ஏறிய ஐ.ஜி.ஜி. (இந்த மருந்தில் இருக்கும் ஆன்டிபாடி வகை) ஏறக்குறைய 3 வாரத்தில் பாதியாகக் குறைந்துவிடும். அதனால்தான் 3, 4 வாரத்துக்கு ஒருமுறை ஏற்ற வேண்டியிருக்கிறது. தவணை நெருங்கும்போது இவன் சோர்ந்துபோவது எனக்கு நன்றாகத் தெரியும். மருத்துவ காப்பீட்டுக்காரர்கள் ஒப்புதல் தரத் தாமதிக்கும்போது எனக்கு வரும் கோபத்துக்குக் காரணம் இதுதான். தவணை தேதிக்கு வெகு முன்னாலேயே காகிதங்களைக் கொடுத்துவிடுங்கள்.

ஒரு குறையும் உண்டு, அது மருந்தின் குற்றமில்லை. மூக்கு, மூச்சுக்குழாய்ச் சவ்வைக் காக்கும் ஐ.ஜி.ஏ. என்ற இன்னொரு ஆன்டிபாடி வகை இதன் மூலம் கிடைக்காது. சைனஸ் தொல்லை விட்டு விட்டு வரத்தான் செய்கிறது. சளி பச்சையாக மாறினால் தவணை வரட்டும் என்று காத்திருக்காமல் அன்றே மருத்துவரைப் பார்க்கிறோம். நெஞ்சுப் பரிசோதனையையும் தள்ளிப்போடுவதில்லை.